ஜப்பானில் நிலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆடும்? பத்து வருடத்துக்கு மேல் இருந்து பார்த்தது

"அங்க தினமும் பூகம்பம் வருமாமே, எப்படித்தான் இருக்கியோ?" ஜப்பானுக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அம்மா கேட்பார், சித்தி கேட்பார், இங்கே வேலை கிடைத்து விசாவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். நான் 2014 ஏப்ரலில் வந்தேன். சைதாமா மாகாணத்தில் கவாகுச்சி என்கிற ஊரில், அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் குடியிருக்கிறோம். டோக்கியோவுக்கும் எங்களுக்கும் நடுவே அரகாவா ஆறு ஒன்றுதான். முதல் சில வருடங்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, பழகிடும்" என்றுதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. பழகிவிடும் என்பது உண்மை. ஆனால் அப்படிப் பழகிப்போன வீட்டில்தான் 2021-ல் ஒரு ராத்திரி, என் மகளின் தலையணை மேல் ஒரு புத்தக அலமாரி விழுந்தது. அதை அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்த "தினமும்" என்கிற வார்த்தையைப் பார்த்துவிடலாம்.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் தினமும் என்பது சரிதான். மனிதர் உணரக்கூடிய அளவில் ஜப்பானில் எங்கோ ஓர் இடத்தில் பதிவாகிற நில அதிர்வுகள் ஒரு சாதாரண வருடத்தில் சுமார் 2,000. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐந்தாறு வரும். உலகத்தில் ஏற்படும் 6 ரிக்டருக்கு மேற்பட்ட நிலநடுக்கங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த நாட்டிலும் இதைச் சுற்றிய கடலிலும்தான். பசிபிக் தட்டு, பிலிப்பைன் கடல் தட்டு, யூரேசியத் தட்டு, வட அமெரிக்கத் தட்டு என்று பூமியின் மேலோட்டுத் துண்டுகள் நான்கு ஒன்றையொன்று முட்டுகிற இடத்தில் நாடு உட்கார்ந்திருக்கிறது. பசிபிக் தட்டு மட்டும் வருடத்துக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வீதம் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. நிற்கிற வேலை இல்லை அது.

ஆனால் அந்த 2,000 என் வீட்டுக்கு வருவதில்லை. தெற்கே ஒரு தீவில் வந்தால் எனக்குத் தெரியாது, வடக்கே ஹொக்கைடோவில் வந்தால் தெரியாது. என் மாடியில் உட்கார்ந்து நானே உணர்ந்ததைச் சொன்னால், மாதத்துக்கு இரண்டு மூன்று. சில மாதம் ஒன்றுகூட இருக்காது. சில வாரம் தொடர்ந்து மூன்று நாள் வரும். தூக்கத்திலும் நடக்கும்போதும் ரயிலில் போகும்போதும் வந்தவை கணக்கிலேயே சேராது. எங்கள் பக்கத்தில் வருவதில் பாதிக்கு மேல் "இபராகி மாகாணத்தின் தெற்குப் பகுதி" என்றுதான் டிவியில் எழுத்து ஓடும். அந்த இடத்துக்கு இங்கே "நிலநடுக்கக் கூடு" என்றே பெயர். எறும்புப் புற்று மாதிரி, எப்போதும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

சராசரியை நம்பவும் முடியாது. 2011-ல் அந்த எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியது. குமாமோத்தோவில் பெரிய நிலநடுக்கம் வந்த 2016-ல் 6,500-க்கு மேல். நோத்தோ தீபகற்பம் குலுங்கிய 2024-ல் 3,600-க்கு மேல். 2025 ஜூன் கடைசியில் தொகாரா தீவுகளில் ஆரம்பித்த தொடர் அதிர்வில், ஒரு மாதம் ஆவதற்குள் அந்தச் சின்னத் தீவுகள் மட்டும் ஒரு வருடத்து நாட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டன. அங்கே அகுசெகி என்கிற தீவில் நூறு பேர்கூட இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்க முடியாமல் படகேறிப் போனவர்களை டிவியில் பார்த்தபோது, வருடத்துக்கு 2,000 என்கிற எண்ணை இனிமேல் யாரிடமும் சும்மா சொல்லக் கூடாது என்று தோன்றியது. மழை மாதிரிதான். வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது கொட்டுவது ஓர் இடத்தில், ஒரு வாரத்தில்.

இங்கே வரப்போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஷிந்தோ என்கிற அளவை. நம் செய்திகளில் "ரிக்டர் அளவில் 6.2 ஆகப் பதிவானது" என்று வரும், அது பூமிக்குள் வெளிப்பட்ட சக்தி. ஷிந்தோ என்பது நீங்கள் நிற்கிற இடத்தில் எவ்வளவு ஆடியது என்பது. ஒரு பல்பு எத்தனை வாட் என்பது முதலாவது. உங்கள் மேசையில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது இரண்டாவது. 0-லிருந்து 7 வரை போகும். 5-ஐயும் 6-ஐயும் மட்டும் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், ஆக மொத்தம் பத்துப் படி. ஷிந்தோ 3 என்றால் வீட்டுக்குள் இருக்கிற அநேகமாக எல்லோருக்கும் தெரியும். 4-ல் தொங்குகிற விளக்கு நன்றாக ஆடும், தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். 5 கீழ்நிலையில் பாத்திரமும் புத்தகமும் விழ ஆரம்பிக்கும். 5 மேல்நிலையில் எதையாவது பிடிக்காமல் நடக்க முடியாது. 6 கீழ்நிலையில் நிற்பதே கஷ்டம், அதற்கு மேல் தவழத்தான் முடியும். டிவியில் எழுத்து ஓடும்போது ரிக்டர் எண்ணைத் தேடாதீர்கள், உங்கள் ஊரின் ஷிந்தோவைத் தேடுங்கள்.

நான் வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2014 மே 5 அதிகாலை 5:18-க்கு முதல் ஆட்டம். இசு தீவுகள் பக்கம், 6.0. டோக்கியோவின் நடுப்பகுதியில் 5 கீழ்நிலை என்று பதிவானது. கட்டிலோடு யாரோ இழுக்கிற மாதிரி இருந்தது. எழுந்து கதவைத் திறந்துகொண்டு, செருப்புகூடப் போடாமல் படிக்கட்டுக்கு ஓடினேன். வராந்தாவில் யாருமே இல்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, கையைக் கீழ்நோக்கி அசைத்து உட்காரச் சொன்னார். எனக்கு அப்போது மொழி தெரியாது. பின்னாளில் அவரே விளக்கினார்: "ஆடும்போது படியில் இறங்கக் கூடாதும்மா. கட்டடம் நிற்கும், நீதான் விழுவாய்." 1981 ஜூனில் கட்டட விதியைக் கடுமையாக்கினார்கள், அதற்குப் பின் அனுமதி வாங்கிய கட்டடம் என்றால் பெரிய ஆட்டத்திலும் இடிந்து விழாமல் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அந்த விதியின் நோக்கம். வீடு தேடும்போது வாடகையையும் ரயில் நிலையத் தூரத்தையும் பார்க்கிறோம் இல்லையா, கட்டிய வருடத்தையும் கேளுங்கள். 1981-க்கு முந்தையது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1995 ஜனவரி 17 விடியற்காலை கோபே நிலநடுக்கத்தில் இறந்த 6,434 பேரில் மிகப் பெரும்பாலோர் தங்கள் வீட்டுக்குள்ளேயே, இடிந்த பழைய வீடுகளின் அடியில் இறந்தவர்கள்.

அந்த முதல் பயத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்றால், குறையத் தொடங்கும். ஐந்தாவது, பத்தாவது, முப்பதாவது தடவை. முதலில் சன்னலோ சமையலறைப் பாத்திரமோ "கடகட"வென்று ஒரு சத்தம், அது வேகமாக வருகிற முதல் அலை. சில விநாடி கழித்து வீடு பக்கவாட்டில் அசையும், அது இரண்டாவது. நடுவில் உள்ள விநாடியை எட்டால் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் வந்தது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம், ஜப்பானிய விஞ்ஞானி ஒமோரி ஃபுசாகிச்சி நூறு வருடத்துக்கு முன் கண்டுபிடித்த கணக்கு அது. நான் அதையெல்லாம் எண்ணத் தொடங்கிவிட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் தலையைத் தூக்குவோம், ஒருவர் "இமா யுரேதா?" என்பார், இப்ப ஆடுச்சா என்று அர்த்தம், இன்னொருவர் "3 இருக்கும்" என்பார், திரும்ப வேலை. 2018 ஜனவரி 5 காலை நிலநடுக்க முன்னெச்சரிக்கை வந்து எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியது, மேசைக்கு அடியில் போனோம், ஒன்றும் பெரிதாக வரவில்லை. தோயாமாவிலும் இபராகியிலும் ஒரே நேரத்தில் வந்த இரண்டு சின்ன அதிர்வுகளை ஒரே பெரிய நிலநடுக்கம் என்று கணினி எடுத்துக்கொண்டதாம். அடுத்த தடவை போன் அலறியபோது எங்களில் பாதிப் பேர் எழவில்லை. நானும் எழவில்லை.

2021 அக்டோபர் 7, வியாழக்கிழமை, இரவு 10:41. கணவர் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். மகளுக்கு அப்போது நான்கு வயது, அப்பா வந்தால்தான் படுப்பேன் என்று அடம்பிடித்துக் கூடத்தில் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். போன் அலறியதும் வீடு ஆடியதும் ஏறக்குறைய ஒன்றாக நடந்தது, எச்சரிக்கைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஒன்றுமே செய்ய நேரமில்லை. பக்கத்துச் சிபா மாகாணத்தின் வடமேற்கில், 75 கிலோமீட்டர் ஆழத்தில், 5.9. கவாகுச்சியிலும் அதை ஒட்டிய டோக்கியோவின் அதாச்சி வட்டாரத்திலும் 5 மேல்நிலை. 2011-க்கு அப்புறம் டோக்கியோ நகரத்துக்குள் அந்த அளவு வந்தது அன்றைக்குத்தான். குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டேன். படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஏதோ லாரி மோதிய மாதிரி. அரை நிமிடம்கூட ஆடியிருக்காது.

போய்ப் பார்த்தால் அலமாரி குப்புற விழுந்திருந்தது. என் உயரத்துக்கு இருக்கும், நிறையப் புத்தகம், மேல்தட்டில் கனமான அகராதிகள். அவள் தலையணை அதன் அடியில் இருந்தது, முயல் படம் போட்ட உறையின் ஒரு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அந்த அலமாரியை வாங்கி நான்கு வருடம். வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார் என்பதால் அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். ஷிந்தோ 3 வரும்போதெல்லாம் அது இலேசாகச் சாய்ந்து நிமிரும், அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, "விழல, நல்லாத்தான் நிக்குது" என்று நினைத்திருக்கிறேன். இதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வந்தேன். அடிக்கடி வருகிற சின்ன அதிர்வுகள் ஒவ்வொன்றும் நமக்கு ஒன்றும் ஆகாது என்று தப்பாகச் சொல்லிக்கொடுக்கின்றன. அதே அதிர்வைத்தான் வீட்டில் எது ஆடுகிறது என்று காட்டுகிற பரிசோதனையாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான்கு வருடம் அந்த அலமாரி எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அப்புறம் நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் பயன்படும். லிஃப்ட் நின்றுவிட்டது. இங்கே லிஃப்ட் ஆட்டத்தை உணர்ந்தால் பக்கத்து மாடியில் போய் நின்று கதவைத் திறக்கும்படி பெரும்பாலும் அமைத்திருக்கிறார்கள், உள்ளே இருக்கும்போது வந்தால் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்திவிட்டு முதலில் திறக்கிற இடத்தில் இறங்கிவிட வேண்டும். ரயில்கள் நின்றன, அதாச்சியில் ஓடுகிற நிப்போரி - தொனேரி லைனரின் சக்கரம் தடத்தைவிட்டே இறங்கிவிட்டது. கணவர் அகபானே நிலையத்தில் இறக்கிவிடப்பட்டு, ஒரு நிலையத் தூரம்தானே என்று பாலத்தைக் கடந்து நடந்தே வந்தார். குழந்தைக்குப் பால் காய்ச்சலாம் என்று அடுப்பைத் திருகினால் எரியவில்லை. குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து நடுங்கிப்போய்ப் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் வெளியே வந்து, வாசல் பக்கத்தில் இருக்கிற சின்ன இரும்புக் கதவைத் திறந்து கேஸ் மீட்டரைக் காட்டினார். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஷிந்தோ 5 அளவுக்கு ஆட்டம் வந்தால் மீட்டர் தானாகவே கேஸை நிறுத்திவிடும். வீட்டில் எல்லா அடுப்பும் வெந்நீர் இயந்திரமும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி, மூன்று நிமிடம் எதையும் தொடாமல் காத்திருந்தால் விளக்கு அணைந்து கேஸ் வரும். கேஸ் வாடை அடித்தால் மட்டும் அதைச் செய்யக் கூடாது, சன்னலைத் திறந்துவிட்டு கம்பெனியைக் கூப்பிட வேண்டும். "பூகம்பம், அடுப்பை அணை" என்று பழைய காலத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். இப்போது முதலில் உடம்பைப் பார், ஆட்டம் நின்றதும் அடுப்பைப் பார் என்று மாற்றிவிட்டார்கள். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை நோக்கி ஓடுவதுதான் அதிக ஆபத்து.

இரண்டு நாளில் அலமாரிக்கு வழி கண்டுபிடித்தேன். கூரைக்கும் அலமாரிக்கும் நடுவே முட்டுக்கொடுத்து இறுக்குகிற கம்பிகள் இரண்டு, சுவரை ஒட்டிய பக்கமாக. கீழே முன்பக்கத்தில் ஒட்டுகிற மெத்து மெத்தென்ற ஜெல் தாள். ஒன்று மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்தால்தான் பிடிப்பு. சுவரில் ஒரு துளைகூடத் தேவையில்லை. நான்கு வருடம் நான் சொல்லிக்கொண்டிருந்த சாக்குக்கு அர்த்தமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. கனமான புத்தகங்கள் கீழ்த்தட்டுக்குப் போயின. கட்டில் இடம் மாறியது. விழுந்தாலும் கதவை அடைக்காத இடத்தில்தான் எந்தச் சாமானும் இருக்க வேண்டும், அதை வாசல் நடையில் நின்று பார்த்தால் தெரியும். அண்மை நிலநடுக்கங்களில் காயப்பட்டவர்களில் 30-லிருந்து 50 சதவீதம் பேர் வீட்டுச் சாமான் விழுந்து அடிபட்டவர்கள் என்று டோக்கியோ தீயணைப்புத் துறை சொல்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி காலணி, ஒரு டார்ச், ஒரு விசில் இப்போது எப்போதும் இருக்கும். காலணி எதற்கு என்றால் உடைந்த கண்ணாடி. அந்த ராத்திரி வெறுங்காலோடு சமையலறைக்குப் போய் ஒரு காலை வெட்டிக்கொண்டேன்.

அடுத்த பாடம் ஐந்தே மாதத்தில் வந்தது. 2022 மார்ச் 16, இரவு 11:34-க்கு ஃபுகுஷிமா கடலில் ஓர் ஆட்டம். சரி, முடிந்தது என்று மூச்சு விட்டோம். இரண்டே நிமிடத்தில் 7.4. அங்கே 6 மேல்நிலை, புல்லட் ரயில் ஒன்று தடம் புரண்டது. எங்களுக்கு ஆட்டம் பெரிதில்லை, ஆனால் மின்சாரம் போய்விட்டது. டோக்கியோவைச் சுற்றி மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் இருளில். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் கட்டடத்தில் தண்ணீர் மேலே ஏறுவது மோட்டாரால். மின்சாரம் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை, கழிவறையும் இல்லை. மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் திரும்பிவிட்டது, ஆனால் மூன்று நாள் என்றால்? 2018 செப்டம்பரில் ஹொக்கைடோவில் நிலநடுக்கத்தால் தீவு முழுவதுமே இருண்டது, கடைகளில் கார்டு எடுக்கவில்லை. நான் அதற்குப் பிறகு ஆயிரம் யென் தாள்களும் கொஞ்சம் சில்லறையும் தனியாக ஓர் உறையில் வைத்திருக்கிறேன்.

தண்ணீர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். குறைந்தது மூன்று நாளுக்கு, முடிந்தால் ஒரு வாரத்துக்கு. எங்கள் மூன்று பேருக்கு ஒரு வாரம் என்றால் 63 லிட்டர், பயமுறுத்துகிற எண்தான். ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை, வாரம் ஒரு பெட்டி சேர்த்தோம். பழையதைக் குடித்துவிட்டுப் புதியதை வாங்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. சாப்பாடும் அப்படியே. தனியாக "பேரிடர் உணவு" வாங்கி ஐந்து வருடம் மறந்துவிடுவதைவிட, வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறதையே இரண்டு மடங்கு வைத்திருப்பது நல்லது. ஆனால் எல்லோரும் மறப்பது கழிவறை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஏழு நாள், ஆக 35 பை. கழிவறைத் தொட்டியில் விரிக்கிற பையும், உறைய வைக்கிற பொடியும் சேர்த்து விற்கிறார்கள். இன்னொன்று, பெரிய ஆட்டத்துக்குப் பின் அடுக்குமாடியில் கழிவுக்குழாய் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை தண்ணீர் ஊற்றவே கூடாது, நீங்கள் ஊற்றுவது கீழ்வீட்டில் வெளியே வரும்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம்மவர்கள் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். "சின்னச் சின்னதா வந்துட்டா நல்லது, சக்தி வெளிய போயிடும், பெருசு வராது." கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ரிக்டரில் ஓர் எண் கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு, இரண்டு எண் கூடினால் 1,000 மடங்கு. அப்படியானால் 8 அளவில் வருகிற ஒன்றின் சக்தியை 5 அளவில் உள்ளவை வெளியேற்ற வேண்டுமென்றால் 30,000-க்கு மேல் வர வேண்டும். ஜப்பானிலும் சுற்றியுள்ள கடலிலும் 5-லிருந்து 5.9 வரை வருபவை வருடத்துக்கு 140 அளவில்தான். இருநூறு வருடத்துக்கு மேல் வந்தாலும் ஒரே ஒரு பெரியதற்கு ஈடாகாது. எண்ணிக்கையும் ஓர் ஒழுங்கில்தான் இருக்கிறது. ஒரு படி கீழே போனால் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். 6 அளவில் 17 வந்தால், 5 அளவில் 140, 4 அளவில் 900. இந்த ஏணி பூமியில் எங்கே பார்த்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் நிற்கும். சின்னவை அதிகமாக வருகிற இடத்தில்தான் பெரியதும் வரும்.

பெரியது வந்தால் அதோடு முடிந்தது என்பதும் சரியில்லை. 2011 மார்ச் 9-ம் தேதி வடகிழக்குக் கடலில் 7.3 அளவில் ஒன்று வந்தது. எல்லோரும் அதையே முக்கிய நிலநடுக்கம் என்று நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, 11-ம் தேதி பிற்பகல் 2:46-க்கு 9.0. 2016 ஏப்ரல் 14 இரவு குமாமோத்தோவில் ஷிந்தோ 7, பயந்து வெளியே போனவர்களில் சிலர் மறுநாள் வீட்டுக்குத் திரும்பினார்கள். 16-ம் தேதி நள்ளிரவு தாண்டி மறுபடியும் ஷிந்தோ 7, முதலாவதைவிடப் பெரிது. அதற்குப் பிறகு இங்கே அதிகாரிகள் பெரிய நிலநடுக்கம் முடிந்த உடனே "பின்னதிர்வு" என்கிற வார்த்தையைப் பயன்படுத்துவதில்லை. இதே அளவு இன்னொன்று ஒரு வாரத்துக்குள் வரலாம் என்றுதான் சொல்கிறார்கள். பின்னதிர்வுகள் முதல் நாள் வந்ததில் பத்தாவது நாள் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது ஒமோரியின் இன்னொரு கணக்கு. குறையும், ஆனால் வால் நீளம். 2021 பிப்ரவரியில் ஃபுகுஷிமா கடலில் வந்த 7.3, 2011-ன் பின்னதிர்வு என்றே சொன்னார்கள். பத்து வருடம்!

சரி, பெரியது எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? டோக்கியோவைச் சுற்றி அடுத்த 30 வருடத்தில் 7 அளவில் ஒன்று வர 70 சதவீத வாய்ப்பு என்று ஓர் எண் எல்லா இடத்திலும் வரும். அது எப்படி வந்தது என்று தெரிந்தபோது எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. 1703-லிருந்து 1923 வரை 220 வருடத்தில் இந்தப் பகுதியில் அந்த அளவில் எட்டு வந்திருக்கின்றன, வகுத்தால் 27.5 வருடத்துக்கு ஒன்று. ஆனால் அவை பஸ் நேர அட்டவணை மாதிரி வரவில்லை. நீண்ட அமைதி, பிறகு அடுத்தடுத்து. 70 சதவீதம் என்பது 29-வது வருடம் வரும் என்று சொல்லவில்லை, இன்று இரவு சோறு வடிக்கும்போது வரலாம் என்றும்தான் சொல்கிறது. தெற்கே கடலடியில் இருக்கிற நன்காய் பள்ளத்தில் 1707, 1854, அப்புறம் 1944, 1946. 1854-ல் இரண்டு மாபெரும் நிலநடுக்கங்கள் ஒரு நாள் சொச்சம் இடைவெளியில் வந்தன, அடுத்த தடவை இரண்டு வருட இடைவெளி. 2024 ஆகஸ்ட் 8 ஹ்யூகா கடலில் 7.1 வந்தபோது முதல்முறையாக அந்தப் பள்ளத்துக்கான சிறப்பு எச்சரிக்கை கொடுத்து, ஒரு வாரம் கவனமாக இருங்கள் என்றார்கள். கடைகளில் தண்ணீர் தீர்ந்துபோனது. எங்கள் வீட்டில் நாங்கள் எதுவும் வாங்கப் போகவில்லை, அந்த வாரம் முழுக்க நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன். அலமாரி, தண்ணீர், பைகள் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருந்தன.

குழந்தைகளிடம் கற்றுக்கொண்டதுதான் அதிகம். இங்கே மழலையர் காப்பகங்களில் மாதம் ஒருமுறை ஒத்திகை கட்டாயம். "ஒ, கா, ஷி, மோ" என்று பாடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பி வராதே என்பவற்றின் முதல் எழுத்துகள் அவை. தொட்டால் சுருண்டுகொள்ளுமே மரவட்டை, அந்த மாதிரி முழங்காலில் குனிந்து தலையையும் கழுத்தையும் கையால் மூடச் சொல்கிறார்கள். என் மகள் அதை எனக்குச் செய்துகாட்டி, "அம்மா கழுத்து வெளியே தெரியுது" என்று திருத்தினாள்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். உங்கள் வட்டாரத் தஞ்சமிடம், பெரும்பாலும் பக்கத்து ஆரம்பப் பள்ளி, அங்கே ஒரு தடவை பகலிலும் ஒரு தடவை ராத்திரியிலும் குடும்பமாக நடந்து போய் வாருங்கள். நாங்கள் போனபோது வழியில் ஒரு பழைய கல்சுவர் இருந்தது. 2018 ஜூனில் ஒசாகா பக்கம் அப்படி ஒரு சுவர் விழுந்துதான் பள்ளிக்குப் போன ஒரு சிறுமி இறந்தாள். மகளின் பள்ளி வழியை அன்றே மாற்றினோம், மூன்று நிமிடம் கூடுதல். கணவரோடும் ஓர் ஒப்பந்தம்: அலுவலகத்தில் இருக்கும்போது பெரியது வந்தால் நடந்து வரக் கூடாது. 2011-ல் தலைநகரப் பகுதியில் சுமார் 51 லட்சம் பேர் அன்றைக்கு வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள், சாலை முழுக்க மனிதர்கள், ஆம்புலன்ஸ் நகரவில்லை. அதனால் 2013-லிருந்து ஊழியர்களை உடனே அனுப்பாமல் மூன்று நாள் தங்கவைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று டோக்கியோவில் விதியே இருக்கிறது. போன் கிடைக்காவிட்டால் 171 என்கிற பேரிடர்க்காலச் செய்திச் சேவை எண்ணில் குரலைப் பதிவு செய்வது, எங்கள் வீட்டு எண்ணைப் போட்டு மற்றவர் கேட்பது. ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதியும் 15-ம் தேதியும் அதைப் பழகிப் பார்க்கலாம். ஊரில் இருக்கிற அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன், "செய்தியில பார்த்த உடனே போன் பண்ணாதீங்கம்மா, லைன் கிடைக்காது, நான் மெசேஜ் போடுவேன்" என்று.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஷிந்தோ 3 வந்தால், நின்றதும் மூன்று பேரும் எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவோம். எது நகர்ந்தது, எது சாய்ந்தது, எந்தக் கம்பி தளர்ந்தது. ஐந்து நிமிடம் ஆகும். போன தடவை விடியற்காலையில் வந்தது. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே காலணியைப் போட்டாள், டார்ச்சை எடுத்தாள், அலமாரிக்கு மேலே உள்ள கம்பியைக் கையால் திருகிப் பார்த்தாள்.

"அம்மா, இடது பக்கம் லூஸா இருக்கு."

நாற்காலியில் ஏறி இறுக்கினேன். அவள் கீழே நின்று டார்ச் பிடித்தாள்.